வால்-ஈ ரோபோவை பேப்பர்லயே செய்யலாம்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பேப்பர்கிராஃப்ட்ல முதல் பெரிய மாடலா எதை எடுக்கலாம்னு யார் கேட்டாலும் நான் வால்-ஈயத்தான் சொல்லுவேன். பிக்சார் 2008ல விட்ட படம், ஆண்ட்ரூ ஸ்டான்டன் டைரக்ட் பண்ணது, குப்பைய அள்ளி வயித்துக்குள்ள போட்டு அமுக்கி சதுரக் கட்டியா வெளிய தள்ளி அடுக்கிட்டே இருக்குமே அந்தக் குட்டி மஞ்ச ரோபோ. படம் புடிக்கும்ங்கறது ஒரு பக்கம், ஆனா அதுக்கு மேல ஒரு டெக்னிக்கல் காரணம் இருக்கு. பேப்பர் ஒரு நேரத்துல ஒரு திசையிலதான் வளையும். பெட்டியா மடிக்கலாம், உருளையா சுருட்டலாம், கூம்பு பண்ணலாம், ஆனா பந்து மாதிரி எல்லாப் பக்கமும் வளைஞ்ச ஒரு பரப்ப ஒரே துண்டுப் பேப்பர்ல கொண்டு வரவே முடியாது, கசங்கிடும் இல்லன்னா கிழிஞ்சிடும். அதே படத்துல வர்ற ஈவ் ரோபோவ பாருங்க, வழவழன்னு முட்டை வடிவம், அத பேப்பர்ல பண்ணணும்னா நீள நீளமா கீத்து கீத்தா வெட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும், வெள்ளை உடம்புல ஒவ்வொரு ஒட்டும் தெரியும், கொஞ்சம் கோணினாலும் மூஞ்சியே போச்சு. வால்-ஈ அப்படி இல்ல. உடம்பு ஒரு பெட்டி, கழுத்து சின்னச் சின்னக் குழாய், கால் ரெண்டும் பெல்ட் சுத்தின முக்கோணம். பேப்பருக்குன்னே டிசைன் பண்ண மாதிரி இருக்கு.

இன்னொரு சௌகரியம், கதைப்படி அது 700 வருஷம் தனியா கெடந்து வேலை பாத்த ரோபோ. துரு, கீறல், பெயிண்ட் உரிஞ்ச இடம், ஓரம் நசுங்கினதுன்னு எல்லாம் இருக்கும். அதனால உங்க கட்டர் கொஞ்சம் வழுக்கிப் போனாலும், ஒரு மூலை சரியா சேரலைன்னாலும், கடைசில கொஞ்சம் பிரவுன் கலர் தேச்சுட்டா அதுவும் துருன்னு ஆயிடும். ஒரே ஒரு இடத்துல மட்டும் இந்த சலுகை கிடையாது. கண்ணு. கண்ணு கோணலா போச்சுன்னா உடம்பு எவ்ளோ சுத்தமா பண்ணியிருந்தாலும் அது வால்-ஈ இல்ல, ஏதோ ஒரு மஞ்சப் பெட்டி. அதனால இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போறது என்னன்னா மத்த இடத்துல ரொம்ப அலட்டிக்காதீங்க, அந்தப் பொறுமையெல்லாம் சேத்து வெச்சு கண்ணுல செலவு பண்ணுங்க.

முதல்ல டெம்ப்ளேட்

டெம்ப்ளேட்னா ரோபோவோட பாகங்கள விரிச்சு வரைஞ்ச படம், அத பிரிண்ட் எடுத்து வெட்டி மடிச்சு ஒட்டணும். ரசிகர்கள் பண்ணி இலவசமா விட்டிருக்குறது நெறைய இருக்கு. ரெண்டு டைப்ல வரும், ஒண்ணு சாதா பிடிஎஃப், இன்னொண்ணு பிடிஓ ஃபைல். பிடிஓன்னா பெப்பாகுராங்கற ஜப்பான்காரங்க சாஃப்ட்வேர்ல பண்ணது, அத திறக்க பெப்பாகுரா வியூவர் ஃப்ரீயாவே கிடைக்கும், விண்டோஸ் கம்ப்யூட்டர் வேணும். ரெண்டும் கெடைச்சா ரெண்டையும் இறக்கி வெச்சுக்குங்க, ஏன்னா வியூவர்ல ஒரு பக்கம் முழு ரோபோவும் 3டில சுத்திச் சுத்திப் பாக்கலாம், இன்னொரு பக்கம் விரிச்ச பாகங்கள் இருக்கும், ஒரு பாகத்து மேல மவுஸ வெச்சா அது உடம்புல எங்க வருதுன்னு காட்டும். ஓரத்துல நம்பர் போட்டிருப்பாங்க, ஒரே நம்பர் இருக்குற ரெண்டு ஓரமும் சேரணும், அவ்வளவுதான் கணக்கு. பிடிஎஃப்ல இந்த வசதி இல்ல, படத்தப் பாத்து நாமளே யூகிக்கணும்.

எந்த டெம்ப்ளேட் எடுக்குறதுன்னா, முழுசா செஞ்சு முடிச்ச போட்டோ இருக்கான்னு பாருங்க. கம்ப்யூட்டர் படம் மட்டும் போட்டு, பேப்பர்ல செஞ்ச போட்டோ ஒண்ணு கூட இல்லைன்னா அத விட்ருங்க, ஸ்க்ரீன்ல அழகா இருக்குறதெல்லாம் மடிக்க முடியும்னு அர்த்தம் இல்ல. பக்க எண்ணிக்கையும் பாருங்க, ஏ4ல எட்டுல இருந்து பன்னெண்டு பக்கம் வரைக்கும் இருந்தா முதல் தடவைக்கு சரியா இருக்கும். ரெண்டு பக்கத்துல முடியிற மாடல்னா அது குழந்தைங்க பொம்மை, டீடெயில் ஒண்ணும் இருக்காது, முப்பது பக்கம்னா பாதில விட்டுட்டு அலமாரிக்கு மேல தூக்கிப் போட்ருவீங்க. அப்புறம் இதெல்லாம் ரசிகர்கள் ஆசைக்கு பண்ணது, நம்ம வீட்டுக்கு செஞ்சு வெச்சுக்கலாம், செஞ்சு விக்கிற வேலை வேண்டாம்.

பேப்பரும் பிரிண்டும்

சாதாரண 80 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்த சொல்ற அளவு) ஜெராக்ஸ் பேப்பர் வேலைக்கே ஆகாது, துவண்டுடும். ஸ்டேஷனரி கடைல 160ல இருந்து 200 ஜிஎஸ்எம் வரைக்கும் மேட் ஃபினிஷ் பேப்பர் கேளுங்க. பளபளன்னு இருக்குற ஆர்ட் போர்டு கண்ணுக்கு நல்லா இருக்கும், ஆனா அந்தப் பூச்சு மேல பசை சரியா புடிக்காது, இன்னிக்கு ஒட்டுனது நாளைக்கு சத்தம் இல்லாம விட்டுக்கும். சார்ட் பேப்பர் போதுமான்னு சில பேர் கேப்பாங்க, பழகிப் பாக்க போதும், ஆனா பிரிண்டர்ல போக ஏ4 சைஸுக்கு வெட்டணும், மடிச்ச எடத்துல நாரு நாரா பிரியும்.

இங்க்ஜெட்டா லேசரான்னு கேட்டா ரெண்டுலயும் ஒரு தொல்லை இருக்கு. இங்க்ஜெட் மை பேப்பருக்குள்ள ஊறிடும், அதனால மடிச்சா வெள்ளையா தெரியாது, ஆனா ஈரக் கை பட்டா, பசை வழிஞ்சா கலர் கலங்கிடும். லேசர்ல டோனர் பேப்பருக்கு மேல ஒரு படலமா உக்காரும், தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா மடிக்கிற எடத்துல அந்தப் படலம் வெடிச்சு வெள்ளைக் கோடு தெரியும். வெளிய கடைல பிரிண்ட் போட்டா பெரும்பாலும் லேசர்தான் இருக்கும். வால்-ஈக்கு ஓரம் தேஞ்ச மாதிரி இருந்தா தப்பே இல்ல, அதனால நான் லேசருக்கே ஓட்டு போடுவேன்.

கடைல பென்டிரைவ் குடுக்கும்போது ஒண்ணு கண்டிப்பா சொல்லுங்க, பக்கத்துக்கு ஏத்த மாதிரி சுருக்காம ஒரிஜினல் சைஸ்ல, நூறு பர்சன்ட்ல போடச் சொல்லணும். எல்லாப் பக்கமும் ஒரே தடவைல, ஒரே மெஷின்ல போடணும். ஒரு பக்கம் 97 பர்சன்ட்ல வந்து இன்னொண்ணு 100ல வந்தா 7 சென்டிமீட்டர் ஓரத்துக்கு 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துடும், எந்த ஓரமும் எதோடயும் சேராது, அப்ப டெம்ப்ளேட் போட்டவர திட்டி பிரயோஜனம் இல்ல. மாடல் பெருசா வேணும்னா ஏ3ல 141 பர்சன்ட் போட்டுக்கலாம், அது பேப்பர் அளவுக்கு கரெக்டா பொருந்தும். சின்னதாக்குற ஆசை மட்டும் வேண்டாம், டெம்ப்ளேட்ட சுருக்கினாலும் பேப்பரோட தடிமன் சுருங்காது, விரல் பாகமெல்லாம் மடிக்கவே முடியாத அளவுக்கு போயிடும்.

முன்பக்கம், அதாவது நெஞ்சுப் பகுதி இருக்குற பக்கத்தயும், கண்ணு இருக்குற பக்கத்தயும் மட்டும் கூட ஒரு காப்பி போட்டு வெச்சுக்குங்க. எதுக்குன்னு கீழ சொல்றேன்.

சாமான்

பெருசா ஒண்ணும் வேண்டாம். ஸ்டீல் ஸ்கேல், பிளாஸ்டிக் வேண்டாம், கட்டர் அதையும் சேத்து சீவிடும். ஒடச்சு ஒடச்சு யூஸ் பண்ற பிளேடு இருக்குற சின்ன கட்டர். கட்டிங் மேட் ஏ4 சைஸ். எழுதாத பால் பாயிண்ட் பேனா, மை தீந்த ரீஃபில் இருந்தா அதான் பெஸ்ட். ஒரு ட்வீசர், முனை நல்லா சேர்றதா பாத்து வாங்குங்க. டூத்பிக் ஒரு டப்பா. பெருக்குற விளக்குமாத்துல இருந்து நாலஞ்சு ஈர்க்குச்சி, ஆமா நெசமாத்தான், கழுத்துக்கு வேணும். டெய்லி காலண்டர் பின்னாடி இருக்குற அட்டை ஒண்ணு. பசைக்கு ஃபெவிகால் எம்ஆர், அந்தக் குட்டி பாட்டில். க்ளூ ஸ்டிக் காஞ்சு விட்டுடும், ஃபெவிக்விக் பேப்பர்ல ஊறி கறையாகும், ஒரு தடவை ஒட்டிட்டா நகத்தவே முடியாது. வீட்ல காச்சுற மைதா பசை சுத்தமா வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து வெச்ச மாதிரி ஆயிடும்.

பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்க செய்றாங்கன்னா கட்டர் வேலைய பெரியவங்க பண்ணிக் குடுங்க, மடிக்கிறது ஒட்டுறது அவங்களே பண்ணட்டும்.

கோடு போடுறது, வெட்டுறது

நேரா கத்திரிய எடுத்து வெட்ட ஆரம்பிக்காதீங்க. பாகத்த வெட்டுறதுக்கு முன்னாடி, முழுப் பக்கமா இருக்கும்போதே எல்லா மடிப்புக் கோட்டு மேலயும் ஸ்கேல வெச்சு அந்த மை தீந்த ரீஃபிலால அழுத்தி இழுங்க. முழு ஷீட்டா இருந்தா நகராது, குட்டி குட்டியா வெட்டுன பிறகு கோடு போடணும்னா ஸ்கேலுக்கு அடில புடிக்கவே முடியாது. பேப்பர்ல ஒரு பள்ளம் விழணும், கிழியக்கூடாது. இந்தப் பள்ளம் இல்லாம கையால மடிச்சா பேப்பர் தன் இஷ்டத்துக்கு மடியும், மாடல் அசிங்கமா வர்றதுக்கு முக்காவாசி காரணம் இதுதான், வெட்டுறது இல்ல.

கோட்டுல ரெண்டு வகை இருக்கும், மேடா மடிக்கிறது ஒண்ணு, பள்ளமா மடிக்கிறது ஒண்ணு. புள்ளிக்கோடு எதுக்கு, கோடும் புள்ளியும் கலந்தது எதுக்குன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வெச்சிருப்பாங்க, முதல் பக்கத்துல விளக்கம் இருக்கும், அத பாத்துட்டு ஆரம்பிங்க. பள்ள மடிப்பு வர்ற எடத்துல ரெண்டு முனையிலயும் குண்டூசியால ஒரு குத்து குத்தி, பேப்பர திருப்பி பின்பக்கம் கோடு போட்டா மடிப்பு இன்னும் சுத்தமா வரும்.

வெட்டும்போது உள்ள இருக்குற ஓட்டைங்கள முதல்ல, வெளி ஓரத்த கடைசில. மூலைல இருந்து ஆரம்பிச்சு வெளிய இழுங்க, மூலைய நோக்கி இழுத்தா கோட்ட தாண்டிப் போயிடும். ஒரே அழுத்துல வெட்டணும்னு இல்ல, லேசா ரெண்டு தடவை. வட்டம் வந்தா கட்டர் இருக்குற எடத்துலயே இருக்கட்டும், பேப்பர சுத்துங்க. பிளேடு மொக்கையானா பேப்பர வெட்டாது, பிச்சு எடுக்கும், அதனால கஞ்சத்தனம் பண்ணாம ஒரு துண்டு ஒடச்சுக்குங்க. ஒடச்ச துண்ட பழைய மாத்திரை டப்பால போட்டு வைங்க, தரைல விட்டுடாதீங்க.

வெட்டுன ஒவ்வொரு பாகத்துக்கும் பின்னாடி பென்சில்ல பேர் எழுதுங்க, இடது கை மேல் பாகம், வலது பெல்ட் உள் தகடு, இப்படி. வால்-ஈல இடது வலது ரெண்டும் கண்ணாடில பாத்த மாதிரி ஒண்ணுக்கொண்ணு திருப்பி இருக்கும், மேஜைல கலந்து கெடந்தா கண்டுபுடிக்கவே முடியாது. எல்லாப் பாகத்தயும் ஒரே நாள்ல வெட்டித் தள்ள வேண்டாம், அன்னிக்கு ஒட்டப் போறத மட்டும் வெட்டுங்க.

வெட்டுன ஓரத்துல வெள்ளையா தெரியும் இல்லையா, அத ஒட்டுறதுக்கு முன்னாடியே கலர் அடிக்கணும். மஞ்சப் பாகத்துக்கு பளிச்சுனு மஞ்ச ஸ்கெட்ச் வேண்டாம், ஓரத்துல தூக்கித் தெரியும், பழுப்பு கலந்த மஞ்ச கலர் பென்சில படுக்க வெச்சு ஓரத்துல மட்டும் தேய்ங்க. கறுப்பு சாம்பல் பாகத்துக்கு கறுப்பு ஸ்கெட்ச் போதும். இந்த ஒரு சின்ன வேலைலதான் கடைல வாங்குன பொம்மை மாதிரி இருக்கா, ஸ்கூல் ப்ராஜெக்ட் மாதிரி இருக்காங்கறது முடிவாகுது, நம்புங்க.

பசை போடுறது

பாட்டில்ல இருந்து நேரா பாகத்து மேல பிதுக்காதீங்க. ஒரு வேஸ்ட் அட்டைல ஒரு சொட்டு விட்டு, டூத்பிக்கால எடுத்து ஒட்டுற காது (பாகத்து ஓரத்துல ஒட்டுறதுக்குன்னே நீட்டிட்டு இருக்குற பட்டை) மேல மெல்லிசா இழுங்க, வெள்ளை தெரியக்கூடாது, ஈரம் மட்டும் மினுக்கணும். பத்துப் பதினஞ்சு செகண்ட் விட்டா கொஞ்சம் ஒட்டுப் பதம் வரும், அப்ப சேத்து அழுத்துனா நகராம நிக்கும். பசைல பாதிக்கு மேல தண்ணி சமாச்சாரம், அதிகமா போட்டா பேப்பர் ஊறி அலை அலையா ஆயிடும், காஞ்ச பிறகும் போகாது.

ஒட்டுறதுக்கு முன்னாடி பசை இல்லாம ஒரு தடவ சேத்து வெச்சுப் பாத்துடுங்க, எப்பவும். எந்தக் காது உள்ள போகுது, எந்த ஓரம் கடைசியா மூடுது, மூடும்போது விரல் எங்க நுழையும்னு யோசிச்சுட்டு அப்புறம் பசைய தொடுங்க.

உடம்புப் பெட்டி

இதுதான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். நாலு பக்கமும் ஒட்டி, மேல கீழ திறந்திருக்கும்போது ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்குற மூலைமட்டத்த உள்ள வெச்சு தொண்ணூறு டிகிரி இருக்கான்னு பாருங்க. சாஞ்சிருந்தா பசை காயிறதுக்குள்ள லேசா அமுக்கி சரி பண்ணிடலாம். அப்புறம் உள்ள காலண்டர் அட்டைல ரெண்டு துண்டு வெட்டி, நடுவுல பாதி வரைக்கும் கீறி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி கூட்டல் குறி மாதிரி நிக்க வையுங்க. இது இல்லைன்னா மழைக்காலத்துல ஈரம் ஏறி நாலு பக்கமும் பூரி மாதிரி உப்பிக்கும். அட்டைய பெட்டி உள்ளளவ விட ஒரு அரை மில்லிமீட்டர் கம்மியா வெட்டுங்க, இறுக்கமா இருந்தா அதுவே பக்கத்த வெளிய தள்ளிடும்.

அடிப்பக்கத்துல ரெண்டு மூணு காசு, பழைய நட்டு, ஏதாவது வெயிட் ஒட்டி வைங்க, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி. தலை முன்னால நீட்டிட்டு இருக்குற ரோபோ, வெயிட் இல்லைன்னா ஃபேன் காத்துக்கே முன்னாடி கவுந்துடும்.

பெட்டிய மூடுற கடைசிப் பக்கம்தான் எல்லாருக்கும் தலைவலி, ஏன்னா உள்ள இருந்து விரல் குடுத்து அழுத்த முடியாது. எந்தப் பக்கம் வெளிய தெரியாதோ அத கடைசில மூடுங்க, இங்க அடிப்பக்கம்தான் அது. காதுங்க மேல பசை போட்டு பக்கத்த வெச்சுட்டு மேஜை மேல நிமித்தி வெச்சு மேல இருந்து ஒரு புத்தகத்த வெச்சுடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு, கழுத்து வர்ற எடத்துல மேல ஓட்டை இருக்குதான்னு பாத்துக்குங்க, உள்பக்கம் அந்த ஓட்டைய சுத்தி ஒரு அட்டைத் துண்டு ஒட்டி பலப்படுத்தணும், மூடுன பிறகு முடியாது.

இப்ப அந்த எக்ஸ்ட்ரா காப்பி. நெஞ்சுல சார்ஜ் காட்டுற சூரியன் படம் போட்ட மீட்டர், பட்டன்கள், பேர் எழுதுன பட்டை இதெல்லாம் டெம்ப்ளேட்ல வெறும் பிரிண்ட்டா தட்டையா இருக்கும். ரெண்டாவது காப்பில இருந்து இதுங்கள மட்டும் தனியா வெட்டி, பின்னாடி ஒரு லேயர் அட்டை குடுத்து, அதே எடத்துல மேல ஒட்டுங்க. அரை மில்லிமீட்டர்தான் தூக்கலா இருக்கும், ஆனா வெளிச்சம் பக்கத்துல இருந்து விழும்போது நெழல் வரும் பாருங்க, அங்கதான் டீடெயில்னு கண்ணு ஏமாறும். மீட்டர்ல எத்தன கோடு ஏறியிருக்கணும்ங்கறது உங்க இஷ்டம், முழு சார்ஜ் ஆனதும் படத்துல பழைய மேக் கம்ப்யூட்டர் ஆன் ஆகுற சத்தம் வரும், ஞாபகம் இருக்கா.

கால்

ஒரு பக்கத்துக்கு ரெண்டு முக்கோணத் தகடு, நடுவுல சக்கரங்க, சுத்தி பெல்ட். தகட்ட காலண்டர் அட்டை மேல ஒட்டி வெட்டுங்க, வெறும் பேப்பர்ல பண்ணா மாடல் வெயிட்டுக்கு வளைஞ்சுடும். அட்டைல ஒட்டுனதும் ரெண்டு தடிப் புத்தகத்துக்கு நடுவுல ராத்திரி முழுக்க வெச்சுடணும், அவசரப்பட்டு எடுத்தா காயும்போது கிண்ணம் கட்டிக்கும்.

சக்கரத்துக்கு உருளை சுருட்டணும். பேப்பருக்கு ஒரு நார்ப் போக்கு உண்டு, ஒரு பக்கம் சுலபமா வளையும், இன்னொரு பக்கம் மொரண்டு புடிக்கும், கைல வெச்சு ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாத்தா தெரிஞ்சுடும். டெம்ப்ளேட்ல மொரண்டு புடிக்கிற திசைல அச்சாகியிருந்தா கவலைப்படாதீங்க, அந்தப் பட்டைய மேஜை ஓரத்துல வெச்சு மேல ஸ்கேல அழுத்திக்கிட்டு கீழ்ப்பக்கமா நாலஞ்சு தடவ இழுங்க, தானா சுருள ஆரம்பிக்கும். அப்புறம் பென்சில்லயோ பேனாலயோ சுத்தி இறுக்கி ஒட்டுங்க.

பெல்ட்ல ஒரு கணக்கு இருக்கு. 200 ஜிஎஸ்எம் பேப்பர் சுமாரா கால் மில்லிமீட்டர் தடிமன். சுத்தி ஒரு லேயர் போட்டு அதுக்கு மேல இன்னொரு லேயர் போட்டா, மேல் லேயருக்கு கீழ இருக்குறத விட ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் கூட வேணும், சக்கரம் சின்னதா பெருசாங்கறது கணக்கே இல்ல, தடிமன்தான் கணக்கு. அதனால பெல்ட் பட்டைய கோட்டுல கரெக்டா வெட்டாம ஒரு சென்டிமீட்டர் கூட விட்டு வெட்டி, சுத்திப் பாத்து, சேர்ற எடத்துல பென்சில்ல குறிச்சு அப்புறம் வெட்டுங்க. சேர்ற எடம் அடிப்பக்கம் வரட்டும், யாருக்கும் தெரியாது.

பெல்ட் மேல குறுக்கால வர்ற கட்டைங்க இருக்கே, அது பொறுமைக்கு சோதனை. ரெண்டு பேப்பர ஒட்டி தடிமனாக்கி, நீளப் பட்டையா வெட்டி, அப்புறம் குட்டிக் குட்டியா நறுக்குங்க. பெல்ட்ட சுத்துறதுக்கு முன்னாடி தட்டையா இருக்கும்போதே ஸ்கேல் வெச்சு சம இடைவெளில குறிச்சுடுங்க, ஆனா ஒட்டுறது சுத்துன பிறகு. தட்டையா இருக்கும்போதே ஒட்டிட்டா வளைவு வர்ற எடத்துல வளைய மாட்டேன்னு நிக்கும்.

ரெண்டு காலும் ரெடியானதும் உடம்போட ஒட்டும்போது கட்டிங் மேட் மேல வேண்டாம், டைல்ஸ் தரைலயோ கண்ணாடி மேலயோ நிக்க வெச்சு ஒட்டுங்க. நாலு முனையும் தரைய தொடுதான்னு தாள் ஒண்ண அடில நுழைச்சுப் பாருங்க, எங்கயாவது சுலபமா போச்சுன்னா அந்தப் பக்கம் தூக்கியிருக்குன்னு அர்த்தம்.

கை

கை வேலை கொஞ்சம்தான். உடம்போட பக்கவாட்டுல ஒரு தண்டவாளம் மாதிரி பட்டை ஓடும், படத்துல கை அது வழியா முன்னாடி பின்னாடி நகரும். அந்தப் பட்டைல எந்த எடத்துல தோள ஒட்டுறீங்கங்கறது போஸ மாத்திடும், முன்னாடி கீழ ஒட்டுனா கை ரெண்டயும் நெஞ்சுக்கு முன்னாடி சேத்து வெச்சிருக்குற அந்த வெக்கப்படுற போஸ் வரும், எனக்கு அதுதான் புடிக்கும். விரல் தகடு எல்லாம் ட்வீசர்லதான் புடிக்கணும். மடிக்க முடியாத அளவு சின்னதா இருந்தா மடிப்ப விட்டுட்டு ரெண்டு மூணு லேயர் பேப்பர் ஒட்டி தடிமனாக்கி வெட்டிடுங்க, எவனுக்கும் வித்தியாசம் தெரியாது.

கழுத்து

டெம்ப்ளேட்ல கழுத்து வெறும் பேப்பர் குழாயா இருக்கும், ஒரு மாசத்துல தொங்கிடும். இங்கதான் ஈர்க்குச்சி. குழாய்க்குள்ள மூணு குச்சிய சேத்து சொருகி பசை விட்டு, கீழ் முனை பெட்டி ஓட்டை வழியா உள்ள ரெண்டு சென்டிமீட்டராவது எறங்குற மாதிரி விடுங்க. பெட்டிக்குள்ள வெச்ச கூட்டல் குறி அட்டை மேல அது போய் முட்டும்படி அமைஞ்சா இன்னும் நல்லது. மேல் முனைய இப்ப ஒட்டாதீங்க.

கண்ணு

இப்ப வந்தோம். இவ்ளோ நேரம் கண்ண தள்ளிப் போட சொன்னதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, இதுக்குள்ள உங்க கை நல்லா பழகியிருக்கும். ரெண்டாவது, உடம்பு முழுசா நின்னாத்தான் தலை எந்த சாய்வுல நல்லா இருக்குன்னு முடிவு பண்ண முடியும்.

இந்தக் கண்ணு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா செய்றதுக்கும் உதவும். ஸ்டான்டன் ஒரு பேஸ்பால் மேட்ச் பாக்கப் போயிருக்காரு, கைல இருந்த பைனாகுலர தன் பக்கமா திருப்பி வெச்சு, நடுவுல இருக்குற கீல மடக்கி மடக்கிப் பாத்திருக்காரு, ஒரு பக்கம் மடக்குனா சோகம், இன்னொரு பக்கம் மடக்குனா சந்தோஷம். மேட்ச்ச விட்டுட்டு அதையே பாத்துட்டு இருந்திருக்காரு. வாய் இல்ல, மூக்கு இல்ல, அந்த ரெண்டு குழாயோட சாய்வுலதான் பெரும்பாலான நடிப்பும். உங்க வீட்டு மேஜைல நிக்கப் போறதுக்கும் அதே கதைதான்.

அதனால ரெண்டு கண்ணையும் தனித்தனியா செஞ்சு முடிங்க, ஒண்ணோட ஒண்ணு இப்பவே ஒட்ட வேண்டாம். டெம்ப்ளேட்ல லென்ஸ் படம் குழாய் வாய்ல தட்டையா ஒட்டுற மாதிரி இருந்தா அத அப்படியே பண்ணாதீங்க. எக்ஸ்ட்ரா காப்பிய எடுத்து லென்ஸ மூணு அடுக்கா பிரிங்க: வெளி வளையம் ஒண்ணு, அதுக்கு உள்ள கொஞ்சம் சின்ன வளையம், கடைசில கறுப்பு வட்டம். கறுப்பு வட்டம் மூணு நாலு மில்லிமீட்டர் உள்ள போய் உக்காரணும், வளையங்க படிப்படியா வெளிய வரணும். குழாய் உள்பக்கத்த மூடுறதுக்கு முன்னாடியே கறுப்பு அடிச்சுடுங்க, வெள்ளை தெரிஞ்சா ஆழமே போயிடும். வட்டம் வெட்ட கை நடுங்குதுன்னா பேப்பர் பஞ்ச் இருக்குல்ல, அதுல வர்ற வட்டம் சுமாரா 6 மில்லிமீட்டர் இருக்கும், நடு லென்ஸுக்கு பெரும்பாலும் அது சரியா இருக்கும்.

பளபளப்புக்கு ரெண்டு வழி. கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு அந்தக் கறுப்பு வட்டத்து நடுவுல விட்டா பரவி காஞ்சு குமிழ் மாதிரி நிக்கும். அதுக்கு முன்னாடி வேஸ்ட் துண்டுல விட்டு மை கலங்குதான்னு பாத்துடுங்க. இல்லைன்னா ஸ்வீட் பாக்ஸ் மூடில வர்ற கண்ணாடி பிளாஸ்டிக்ல வட்டம் வெட்டி முன்னாடி வெச்சுடலாம், வெளிச்சம் பட்டா பிரதிபலிக்கும், ஆனா விரல் ரேகை பட்டுச்சுன்னா நல்லாவே தெரியும், ட்வீசர்ல புடிங்க.

இப்ப சாய்வு. டபுள் சைட் டேப் குட்டித் துண்டு வெச்சு ரெண்டு கண்ணையும் கழுத்து மேல தற்காலிகமா நிக்க வையுங்க. ரெண்டும் நேரா, லெவலா இருந்தா மிஷின் மாதிரி மொறச்சுப் பாக்கும். வெளி ஓரங்கள பத்து டிகிரி கீழ எறக்குங்க, உடனே பாவமா ஆயிடும். பதினஞ்சுக்கு மேல போனா அழுமூஞ்சி. ஒரு கண்ண மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் தூக்கி வெச்சா என்னடா இதுன்னு ஆச்சரியமா கேக்குற மாதிரி இருக்கும். தலைய மொத்தமா லேசா ஒரு பக்கம் சாய்ச்சுப் பாருங்க, அப்புறம் மேல பாக்க வெச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் மொபைல்ல ஒரு போட்டோ எடுங்க, நேரா முன்னாடி இருந்து, ரோபோவோட கண் மட்டத்துல மொபைல வெச்சு. நேர்ல பாக்கும்போது சரியா தெரியுறது போட்டோல கோணல்னு காட்டிக்குடுத்துடும். ஒரு ராத்திரி டேப்லயே விட்டுட்டு காலைல பாத்து புடிச்சிருந்தா மட்டும் ஃபெவிகால்ல ஒட்டுங்க. மாத்தி மாத்தி வெக்கணும்னு ஆசை இருந்தா ஒட்டவே வேண்டாம், கண்ணுக்கு அடில ஒரு குண்டூசிய அச்சா குடுத்து கழுத்து மேல சொருகி விடுங்க, எப்ப வேணா திருப்பலாம்.

துரு

பென்சில் சீவுற தூள், அதுலயும் 6பி மாதிரி மெத்து பென்சில உப்புத்தாள்ல தேச்சா வர்ற கறுப்புத் தூள் அருமையான அழுக்கு. காட்டன் பட்ஸால தொட்டு மூலைங்கள்லயும் பெல்ட்ல இருந்து உடம்புக்கு தூசி தெறிக்கிற கீழ்ப்பகுதிலயும் தேய்ங்க. துருவுக்கு பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒரு சின்னத் துண்டு, பிரவுன் போஸ்டர் கலர் தண்ணி கலக்காம, ஸ்பாஞ்சுல தொட்டு வேஸ்ட் பேப்பர்ல ஒத்தி எடுத்து கிட்டத்தட்ட காஞ்ச பிறகு ஓரத்துல ஒத்துங்க. ஈரமா போட்டா பேப்பர் ஊறிடும். எங்க கட்டர் வழுக்குச்சோ, எங்க வெள்ளை தெரியுதோ அங்கெல்லாம் மொதல்ல ஒத்துங்க. ஆனா எல்லா எடத்துலயும் சரிசமமா பூசாதீங்க, தேய்மானம் கை படுற எடத்துலயும் தரைல உரசுற எடத்துலயும்தான் வரும். கண்ணுப் பக்கம் ஸ்பாஞ்ச கொண்டே போகாதீங்க.

எல்லாம் காஞ்ச பிறகு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே, ஆர்ட் கடைல கிடைக்கும், ஒரு அடி தள்ளி நின்னு மெல்லிசா ரெண்டு கோட் அடிச்சா ஈரத்துக்கும் தூசிக்கும் தாங்கும். மொட்டை மாடில அடிங்க, வீட்டுக்குள்ள வேண்டாம். லென்ஸ் மேல டேப் ஒட்டி மறைச்சுட்டு அடிக்கணும், இல்லைன்னா பாடுபட்டு கொண்டு வந்த பளபளப்பு மங்கிடும்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உக்காந்தா ரெண்டு மூணு வாரத்துல முடியும். நேரா வெயில் படுற ஜன்னல்ல வெக்காதீங்க, இங்க்ஜெட் பிரிண்டா இருந்தா சில மாசத்துலயே வெளிறிடும். கண்ணாடி ஷோகேஸ்ல வெச்சா புது ஷூ டப்பால வர்ற அந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்த கூட ஒண்ணு போட்டு வைங்க. தூசி படிஞ்சா காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி விடுங்க, ஈரத் துணியோட யாரும் கிட்ட வராம பாத்துக்குங்க, தீபாவளி க்ளீனிங் டைம்ல முக்கியமா.